நொச்சிக்குடாவில் காயாத கோடு

நொச்சிக்குடாவுக்குக் கோடு வந்து சேர்ந்தது ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை, உச்சிவெயிலில், பெண்கள் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தபோது. வடக்கேயிருந்து அது வந்தது, சாண் அகலத்தில், நல்ல சிவப்பில், அப்போதுதான் பேனாவிலிருந்து இறங்கிய மையின் ஈரத்தோடு. கோமதிநாயகத்தின் இறால் பண்ணைச் சுவரைக் கண்டதும், பெரிய வீட்டைக் கடக்கிறவன் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒடுங்கி வளைந்து, பண்ணையை முழுசாகக் கிழக்கே விட்டுவிட்டு, மறுபடி நிமிர்ந்து, பாத்திகளின் நடுவே இறங்கி, இசக்கியம்மன் பீடத்தின் இடது தோளை உரசி, நல்லதண்ணிக் கிணற்றின் வாயைச் சரியாக இரண்டாக வெட்டி, தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குள் வாசல் வழியாகவே நுழைந்து, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே போய், பின்சுவரைத் துளைத்துக்கொண்டு தெற்கே போய்விட்டது.

தங்கபுஷ்பம் முப்பது பெண்களுக்குக் கங்காணி. பாத்தியில் இருபத்தாறு வருஷம் நின்று வெடித்த கால்கள், வெள்ளையைப் பார்த்துப் பார்த்து ஓரம் சிவந்த கண்கள். கோட்டை ஒரு தடவை பார்த்தாள்.

"எந்த ஆபீசுக்காரன் வேலையோ தெரியல. உப்புல சிவப்பு ஒட்டுனா யாவாரி எடுக்க மாட்டான். ஓரமா ஒதுங்கி வாருங்கட்டி," என்றாள். ஒதுங்கி வாரினார்கள்.

நொச்சிக்குடாவையும் சேர்த்து வரிசையாகப் பதினோரு ஊர்கள், எல்லாம் உப்பு விளைகிற ஊர்கள். பதினொன்றுக்கும் குடிக்க இருந்தது அந்த ஒரு கிணறுதான். சாயங்காலம் உப்பளத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் கிணற்றடியில் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு கை தண்ணீர், வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அதைவிடக் குறைத்து யாருக்கும் ஊற்றியதும் இல்லை. அந்த இரண்டு கை தண்ணீர் இல்லாவிட்டால் நாற்பது வயதில் பார்வை மங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கோமதிநாயகத்தின் பண்ணை வந்த நாளிலிருந்து கிணற்றில் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டிருந்தது. இறாலுக்குக் கடல்தண்ணீர் மட்டும் ஆகாது, நல்ல தண்ணீரும் கலக்கவேண்டும். பண்ணையின் ஆழ்குழாய்கள் பூமிக்கடியிலிருந்து நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க, காலியான இடத்துக்குக் கடல் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம்தான் அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பதினோரு ஊரும் சேர்ந்து அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிப்பது என்று முடிவுசெய்திருந்த நேரத்தில்தான் கோடு வந்தது.

மறுநாள் தாசில்தார் ஞானசுந்தரம் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவர்களின் கண்ணைப் பார்க்கமாட்டார், அவ்வளவுதான்.

"இது தொகுதி எல்லை. தலைநகரத்துல வரைபடத்துல வரைஞ்சிருக்காங்க. இதுக்குக் கிழக்க இருக்கிறவங்க கிழக்குத் தொகுதி, மேற்க இருக்கிறவங்க மேற்குத் தொகுதி. எந்தப் பக்கம் குடியிருக்கீங்களோ அந்தப் பக்கம் ஓட்டு."

"காயவே மாட்டேங்குதே, அய்யா," என்றாள் தங்கபுஷ்பத்தின் தங்கை ஜெயக்கொடி. இருவரும் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தார்கள்.

"அது அப்படித்தான்மா. மாத்த வேண்டியிருக்கும்லா. ஈரமாவே வச்சிருப்பாங்க."

அவர் போனபிறகு பதினோரு ஊர்க்காரர்களும் கிணற்றடியில் கூடி, காலங்காலமாக என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். அளத்தில் ஒரு குடும்பத்தின் பாத்திக்கு நடுவே புது வரப்பு விழுந்தால் சண்டை கிடையாது. மூத்தது கிழக்கே, இளையது மேற்கே, சரிபாதி. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் உப்பு காத்திருக்காது, முற்றிவிடும். அந்த வழக்கத்தை அவர்கள் சாமியைவிட நம்பினார்கள். கோடும் ஒரு வரப்புதானே என்று நினைத்தார்கள். பிரித்துக்கொடுக்கச் சொல்லி மரத்தாலான வாருபலகையைத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தார்கள், அவள் கை சரியான கை என்பதால். அவளும் வீடு வீடாகப் போய்ப் பலகையின் காம்பால் தரையைத் தட்டி, நீ கிழக்கே, நீ மேற்கே என்று, அண்ணனை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமும், மாமியாரை ஒரு பக்கமும் மருமகளை ஒரு பக்கமும், ஒரு தலைகூடக் கூடாமல் குறையாமல், அவ்வளவு நேர்மையாக, அவ்வளவு சுத்தமாக, பதினோரு ஊரையும் இரண்டாகப் பிளந்து வைத்தாள். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் அவள், அடுப்புப் பக்கம் அவளுக்கு. இளையவள் ஜெயக்கொடி, அம்மிப் பக்கம் அவளுக்கு.

"அப்ப நான் அரைச்சுத் தாரேன், நீ பொங்கிப் போடு யக்கா," என்றாள் ஜெயக்கொடி.

"எப்பவும் அப்படித்தானட்டி நடக்கு."

கோட்டோடு வாழ ஊர் பழகிக்கொண்டது. கோழிகளின் கால்கள் சிவந்தன. தொட்டில் பிள்ளைகள் தவழ்ந்துபோய்க் கோட்டில் கை வைத்துச் சுவரெல்லாம் சிவப்புக் கை பதித்தன. அதை நக்கிப் பார்த்த ஆடுகளின் பால் ஒருமாதிரி இளஞ்சிவப்பாகச் சுரந்தது. டீக்கடை சங்கரலிங்கம் அதில் டீ போட்டு ஐம்பது பைசா கூட்டி விற்றான். இசக்கியம்மனுக்கு இரண்டு தொகுதியிலும் ஓட்டு உண்டா என்று பூசாரியைச் சீண்டினார்கள். அவள் வாக்கு கேட்பதில்லை, கொடுக்கிறவள் என்று அவர் எரிச்சலோடு சொன்னார். கல்யாணங்களில் மாப்பிள்ளையைக் கோட்டின் மேல் நிறுத்தி, எந்தக் கால் முதலில் பெண்வீட்டுப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சிரித்தார்கள். கிணற்றில் கிழக்குக்காரர்கள் கிழக்கே நின்றும் மேற்குக்காரர்கள் மேற்கே நின்றும் இறைத்தார்கள். தண்ணீர் ஒன்றாகவே இருந்தது. ஒன்றாகவே குறைந்தது.

சித்திரையில் தேர்தல் வந்தது. கிழக்கில் கோமதிநாயகம் நின்றார், மேற்கில் அவருடைய மருமகன் நின்றான். பதினோரு ஊரும் ஒருவர் பாக்கியில்லாமல் அவர்களுக்கு எதிராகக் குத்தின. கிழக்கில் ஊர்க்காரர்கள் ஆறாயிரத்தில் தோற்றார்கள். மேற்கில் ஏழாயிரத்தில் தோற்றார்கள். முன்பு ஒரு முதலாளி இருந்தார், இப்போது இரண்டு பேர்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் பழைய ஓட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் ஜெயக்கொடி ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள், கணக்கு அவளுக்கு விளையாட்டு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அக்காளைப் பார்த்தாள்.

"என்னட்டி?"

"நம்ம எல்லாரும் ஒரு பக்கமா இருந்திருந்தா இருபதாயிரத்துல ஜெயிச்சிருப்போம் யக்கா. எந்தப் பக்கமா இருந்தாலும்."

தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் நம்மள அரைகுறையாத்தான் வெட்டிருந்தான்," என்றாள் ஜெயக்கொடி. "பாக்கி வெட்டுனது நாமதான். சரிபாதின்னு."

நாமதான் என்று அவள் சொன்னது அக்காளின் மேல் வைத்த பிரியத்தால். வெட்டிய கை யாருடையது என்று அடுப்புக்கும் தெரியும். தங்கபுஷ்பம் வாருபலகையை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் சாய்த்து வைத்தாள். அதற்குப்பிறகு ஐந்து வருஷம் அவள் வேறு பலகையில்தான் உப்பு வாரினாள். அந்தக் கோபம் அழுகையாக வந்திருந்தால் நல்லது, வடிந்திருக்கும். அது வரவில்லை. பாத்தியில் நிற்கிற தண்ணீர் மாதிரி அவளுக்குள் நின்றது, நாளுக்கு நாள் வற்றியது, வற்ற வற்ற இறுகியது.

ஐந்தாவது வருஷம், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவள் கொல்லைக்குப் போய் அந்தப் பலகையை எடுத்துவந்து கிணற்றடியில் நின்றாள்.

"நாம மேற்க குடிபோனா கோட்டையும் மேற்க தள்ளிருவான். கிழக்க போனா கிழக்க வரும். நாம ஓட, அது தொரத்த, இது வேலைக்கு ஆகாது. ஈரமாத்தான இருக்கு? உப்புத்தண்ணிய எப்படிக் கொண்டுபோவோம்?"

"வாய்க்கா வெட்டி," என்றார்கள்.

"வாய்க்கால வரப்பாக்கிட்டா அது நகராம இருக்க என்ன செய்வோம்?"

"மிதிப்போம்," என்றார்கள் பெண்கள். மழைக்குப்பிறகு ஒவ்வொரு தையிலும் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கல்லாக்குகிறவர்கள் அவர்கள்.

பதினோரு ஊருக்கும் கிழக்கே, கடலோரமாக, முழங்கால் ஆழத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். வடக்கே கோட்டின் கரையை மண்வெட்டியால் திறந்துவிட்டார்கள். கோடு சரிவைக் கண்டதும் மறுபேச்சில்லாமல் திரும்பி, வாய்க்காலில் இறங்கி, ஊர்களை மொத்தமாக மேற்கே விட்டுவிட்டுக் கடலோரமாக ஓடியது. பண்ணை மட்டும் கிழக்கே தனியாக நின்றது. பிறகு பெண்கள் இறங்கினார்கள். ஆயிரத்து இருநூறு பெண்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூன்று பகல், வலது கால் இடது கால், வலது கால் இடது கால், தோற்ற தேர்தலை மிதித்து, கோமதிநாயகத்தை மிதித்து, அவர் மருமகனை மிதித்து, தங்கள் சரிபாதியையும் சேர்த்து மிதித்தார்கள். முழங்கால்வரை சிவந்து அவர்கள் கரையேறியபோது கோடு வயிரம் பாய்ந்து கிடந்தது. தலைநகரத்தில் அதிகாரியின் பேனா வரைபடத்தில் எந்தப் பக்கம் போனாலும் மை மட்டும் மிதித்த இடத்துக்கே ஓடிவந்ததாம். மூன்று பேனா மாற்றிப் பார்த்துவிட்டு, அவர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாராம்.

மேற்கில் ஜெயக்கொடி சுயேச்சையாக நின்றாள். வாருபலகைதான் சின்னம். கிழக்கில் இனி அவருக்கு ஓட்டுப்போடப் பண்ணையின் இறால்தான் மிச்சம் என்று ஊர் சிரித்தது பொறுக்காமல் கோமதிநாயகமும் மருமகனை ஒதுக்கிவிட்டு மேற்குக்கே வந்து நின்றார். இருபதாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். சங்கரலிங்கம் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

அந்தத் தடவை ஆட்சி இரண்டு மூன்று பேரின் தயவில் நின்றது. அதில் ஒருத்தி ஜெயக்கொடி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து மூன்று கல் தூரத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்று ஒரு சட்டம். அடுத்த பங்குனியில் அது சட்டப்பேரவையில் நிறைவேறியது. அவள் அன்றைக்கே போன் செய்தாள்.

"யக்கா, கை தூக்குனாவ. எண்ணுனாவ. ஜெயிச்சாச்சு."

"அப்ப பண்ணைய எப்ப மூடுவாவ?"

"இனி மேல போவணுமாம்."

"மேலன்னா?"

"மேலவைன்னு ஒண்ணு இருக்கு. அதே கட்டடம்தான், அடுத்த வாசல். மெத்தை வச்ச நாற்காலி. நம்ம ஓட்டுப்போட்டு அனுப்புற இடம் இல்ல. பஞ்சாயத்து மெம்பருங்க, முனிசிபாலிட்டி மெம்பருங்க எல்லாம் சேந்து கொஞ்சம் பேர அனுப்புவாவ, பேரவை கொஞ்சம் பேர அனுப்பும், கவர்மெண்டே கொஞ்சம் பேர உக்கார வைக்கும். அங்க யாரு இருக்கா தெரியுமா?"

தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது.

தோற்ற பத்தொன்பதாம் நாள் கோமதிநாயகம் மேலவைக்குப் போயிருந்தார். ஜில்லா முழுக்க எந்தப் பஞ்சாயத்து மெம்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் இறால் அனுப்பவில்லை? முந்நூறு பேர் ஓட்டுப்போட்டார்கள், அவர் உள்ளே போனார். மேலவைக்குக் கோடு கிடையாது. வெட்டித் திருப்ப வாய்க்கால் கிடையாது. இறங்கி மிதிக்கத் தரையே கிடையாது. ஐம்பதாயிரம் பேர் வேண்டாம் என்று வாசலில் விட்டுவந்தவரை முந்நூறு பேர் ஏணி வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

சித்திரையில் அவரே நொச்சிக்குடாவுக்கு வந்தார். காரைவிட்டு இறங்கி, தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் சட்டத்துக்கு எதிரி இல்ல, தங்கபுஷ்பம். நல்ல சட்டம்தான். அவசரப்பட்டுரக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். கீழ உள்ளவங்க உணர்ச்சிவசப்பட்டு ஒண்ணு செய்வாங்க. மேல நாங்க நிதானமா ஆராயணும். அதுக்குத்தான் மேலவை."

"எத்தன நாளு ஆராயணும் அண்ணாச்சி?"

"கொல்லல்லாம் எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. மூணு மாசம் வச்சிருப்போம். திருப்பி அனுப்புவோம். கீழ மறுபடி நிறைவேத்துனா இன்னும் ஒரு மாசம். பெறவு அது தன்னால சட்டம். நாலே மாசம்."

நாலே மாசம் என்றார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. மழை இல்லாத நாலு மாசம். வெயில் பூமியைத் திறந்துவைத்திருக்கிற நாலு மாசம். மேலே மெத்தை நாற்காலிகளில் இருப்பவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிணறு என்பதற்கு விளக்கம் என்ன, கல் என்பது எந்தக் கல், தூரத்தை வாயிலிருந்து அளப்பதா நடுவிலிருந்து அளப்பதா என்று நிதானமாக ஆராய்ந்த நாலு மாசம். அந்த நாலு மாசமும் பண்ணையில் புதிதாக இறக்கிய பதினாறு மோட்டார்கள் ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடின. சட்டம் வரும்வரை ஓட்டுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

ஆனி கடைசியில் தண்ணீர் கரித்தது. முதலில் சோற்றில் தெரிந்தது, உப்புப் போடாத கஞ்சி உப்பாக இருந்தது. ஒரு சாயங்காலம் வரிசையில் முதலாவதாக நின்ற பெண் வலது கண்ணுக்கு ஒரு கை வாங்கி அடித்துக்கொண்டாள். இடது கண்ணுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பகல் முழுக்க உப்பில் நின்றுவிட்டு வந்து உப்பால் கண்ணைக் கழுவ யாருக்கும் மனசு வரவில்லை. வரிசை கலைந்து, அவரவர் கண்ணோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ஆவணி இரண்டாம் தேதி சட்டம் வந்தது. முத்திரை வைத்த தாள். தாசில்தார் ஞானசுந்தரமே கொண்டுவந்து கிணற்றடித் தூணில் ஒட்டினார். இந்தக் கிணற்றிலிருந்து மூன்று கல் தூரத்துக்குள் இறால் பண்ணை கூடாது. கோமதிநாயகம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மறுநாளே பண்ணையை மூடினார். இறாலை எல்லாம் ஏற்கனவே விற்றிருந்தார். பத்திரிகையில் அவர் படம் வந்தது. தலைநகரத்திலிருந்து திரும்பிவந்த ஜெயக்கொடி தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, வாளியை உள்ளே விட்டு இறைத்து, ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"நான் தோத்திருந்தாக்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது யக்கா."

"நீ தோக்கல. பேசாம இரு."

தங்கபுஷ்பம் கடலோரமாகப் போய்க் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிதித்து இறுகிக் கிடந்தாலும் அடியில் அது இன்னும் ஈரம்தான். விரலை வைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மை இல்லை. கரித்தது. இருபத்தாறும் ஆறுமாக முப்பத்திரண்டு வருஷம் பாத்தியில் நின்றவள், கரிக்கிற தண்ணீரைக் கண்டால் அவளுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

மறுநாள் ஆயிரத்து இருநூறு பேரும் கடப்பாரையோடு வந்து கோட்டை உடைத்தார்கள். பெரிய பாத்தி ஒன்றைக் காலியாக வைத்திருந்தார்கள். வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைவரை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் கோடு முழுக்கப் பாத்திக்குள் வடிந்து, கணுக்கால் ஆழத்துக்குச் சிவப்பாக நின்றது. ஆவணி வெயில் தன் வேலையைச் செய்தது. மூன்றாம் நாள் ஆடை கட்டியது. ஏழாம் நாள் விளைந்துவிட்டது, பெரும்பரல், மாதுளை முத்து மாதிரி. பழைய வாருபலகையால் தங்கபுஷ்பம் முதல் வரி வாரினாள். ஓலைக் கடகங்களில் சுமந்து, மேலே உப்பைக் குவித்துவைக்கிற தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டி, எல்லா உப்புக்கும் செய்வதுபோல் பனையோலை போட்டு மூடினார்கள்.

தரையில் கோடு இல்லை. தலைநகரத்து வரைபடத்திலும் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்புதான் இருந்ததாம். எவ்வளவு மை ஊற்றினாலும் தாள் ஏற்கவில்லையாம்.

புரட்டாசியில் ஆட்சி கவிழ்ந்து மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். மாடியில் மாலை போட ஆளில்லாமல் சலித்துப்போன கோமதிநாயகம் கீழே இறங்கி நிற்க ஆசைப்பட்டார். ஆனால் கோடு இல்லாமல் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, தொகுதியும் இல்லை. அப்போதுதான் ஞானசுந்தரத்தின் ஜீப் வந்தது. தங்கபுஷ்பம் பாத்தியில் நின்று வெள்ளை உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவர் வரப்போரமாக வந்து நின்றார்.

"கோடு எங்கம்மா?"

"இங்கதான் அய்யா இருக்கு. பத்திரமா இருக்கு."

"அது அரசாங்கச் சொத்து. குடுத்துருங்க. தேர்தல் வருது."

"குடுத்துரலாம்னுதான் நாங்களும் சொல்லுதோம். கீழ பாத்தியில எல்லாரும் கூடிப் பேசி, கை தூக்கி, எண்ணி, ஒருமனசா முடிவு பண்ணியாச்சு." அவள் பலகையை நிறுத்தி, தட்டுமேட்டைக் காட்டினாள். "ஆனா மேல போவணும்லா."

அவர் அண்ணாந்து பார்த்தார். தட்டுமேட்டில், ஓலை மூடிய சிவப்பு அம்பாரத்தைச் சுற்றி, ஜெயக்கொடியும் பதினோரு ஊரிலிருந்தும் வந்த பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அதற்குள் கண் மங்கியிருந்தது. ஜீப் வந்த பக்கம் பார்க்காமல் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்கள்.

"அவங்க என்ன பண்ணுறாங்க?"

"ஆராயுதாவ. நிதானமா ஆராயணும்லா அய்யா. கீழ உள்ளவங்க உணர்ச்சிவசப்பட்டு ஒண்ணு செய்வோம்."

ஞானசுந்தரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வெயிலும் உப்பும் சேர்ந்து அவர் கண்ணில் நீர் வந்தது. கழுவ எங்காவது தண்ணீர் இருக்கிறதா என்பதுபோல் கிணற்றுப் பக்கம் திரும்பினார். தூணில் அவர் ஒட்டிய தாள் வெயிலில் சுருண்டிருந்தது. பிறகு, முதல்முறையாக, அவள் கண்ணைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு மாசம் வச்சிருப்பாவ. பெறவு ஒரு மாசம்."

"அதுக்குள்ள ஐப்பசி மழை வந்துரும்மா. ஓலை தாங்காது. எல்லாம் கரைஞ்சு கடலுக்குப் போயிரும். ஒண்ணும் மிஞ்சாது."

"ஆமா," என்றாள் தங்கபுஷ்பம். "தெரியும்."

அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு நொடி நின்றாள். பிறகு பலகையை நீட்டிப் போட்டு, அடுத்த வரியை வார ஆரம்பித்தாள்.